ஒரு பொம்மையைச் சுற்றி எத்தனை மாணவர்?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இதயம் நின்றுபோன ஒருவரை மீட்கும் பயிற்சியில், ஒரு பயிற்றுநரிடம் ஆறு மாணவருக்கு மேல் ஒப்படைப்பது நல்லதன்று என்று கடந்த இதழில் ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியை ஒட்டி மாணவர், தாதியர், ஆசிரியர், புலம்பெயர்ந்த பழைய மாணவர் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன். கடிதங்களைச் சுருக்கியுள்ளேன், எழுதியோரின் பெயர்களை விலக்கி ஊரை மட்டும் தந்துள்ளேன்.

கேள்வி: நான் வேறொரு மாவட்டத்தில் மருத்துவம் படிக்கிறேன். எங்களுக்கு நடந்த உயிர்மீட்புப் பயிற்சியில், நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கான மனித உருவப் பொம்மை ஒன்றைச் சுற்றி 15 பேர் நின்றோம். விரிவுரையாளர் மிகத் தெளிவாகச் செய்து காட்டினார். முன்னால் நின்ற மூன்று நான்கு பேர் ஒழுங்காகச் செய்து பார்த்தார்கள். மற்றவர்கள் சில தடவை அழுத்திவிட்டு நகர்ந்தோம். எனக்கு எல்லாம் விளங்கியது, ஆனால் கையில் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. குறை என்னிடமா?
(மருத்துவ மாணவி, மானிப்பாய்)

பதில்: குறை உங்களிடம் இல்லை, பிள்ளை. நேரத்தைக் கணக்குப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். பயிற்சி ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்கும் செய்து காட்டுவதற்கும் 15 நிமிடம் போனால் மிஞ்சுவது 45 நிமிடம். அதை 15 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3 நிமிடம். இடம் மாறுவதும், கைகளைச் சரிசெய்வதும், விரிவுரையாளர் திருத்திச் சொல்வதும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். உண்மையில் கை பொம்மையின் நெஞ்சில் இருக்கும் நேரம் ஒரு நிமிடம் கூட வராமற் போகலாம். அதே விரிவுரையாளர், அதே பொம்மை, அதே ஒரு மணித்தியாலம், ஆனால் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 9 நிமிடம் கிடைக்கிறது.

அந்த நிமிடங்கள் ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு நெஞ்சு அழுத்தம் கொடுக்கும்போது ஆழம் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 6 சென்ரிமீற்றரைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுமையாக மேலெழ இடம்விட வேண்டும். இவை மூன்றையும் தாளில் எழுதச் சொன்னால் உங்கள் வகுப்பில் எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் 5 சென்ரிமீற்றர் என்பது எவ்வளவு பாரம் என்பதை முழங்கையும் தோளும் முதுகும்தான் அறிய முடியும். இணுவிலில் தவில் பழக வந்த பிள்ளை குருவின் கையையே ஓராண்டு பார்த்துக்கொண்டிருந்தாலும், தானே தவிலில் அடித்துக் கை காய்க்காதவரை ஒரு சொல்லும் சுத்தமாக விழாது.

களைப்பு என்பது இன்னொன்று. நெஞ்சை அழுத்துபவர் ஒருவர், தான் களைத்துவிட்டதை உணர்வதற்கு முன்பே அவருடைய அழுத்தத்தின் ஆழம் குறையத் தொடங்கிவிடுகிறது. இதனால்தான் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. 30 செக்கன் அழுத்திவிட்டு எழுந்த மாணவர் நன்றாகவே செய்திருப்பார். ஏனென்றால் முதல் 30 செக்கன் எவருக்கும் நன்றாகத்தான் வரும். ஒன்றரை நிமிடம் தாண்டியபின் தன் முழங்கை மடிகிறதா, கை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியிலிருந்து விலகுகிறதா, பாரத்தை முழுதும் எடுக்காமல் நெஞ்சின்மேல் சாய்ந்து கிடக்கிறோமா என்பதை அவர் ஒருபோதும் அறிந்திருக்கமாட்டார். பயிற்றுநரின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே கதைதான். இந்தப் பிழைகள் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருவரால் ஒரு நேரத்தில் ஒரு சோடிக் கைகளைத்தான் ஒழுங்காகக் கவனிக்க முடியும், மிஞ்சினால் இரண்டு.

முன்னால் நின்றவர்கள்தான் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய குழுவின் மிகப் பெரிய தீமை என்று நான் கருதுவது அதைத்தான். ஏற்கெனவே ஓரளவு துணிவுள்ளவர் முன்வருகிறார். பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவர் பின்வரிசைக்கு ஒதுங்குகிறார். பலர் பார்க்கும்போது முழந்தாளிட்டுப் பிழையாகச் செய்துவிடுவோமோ என்ற கூச்சம் இயல்பானது. நம் சூழலில் மாணவிகளுக்கு அது இன்னும் கூடுதலாக இருக்கிறது. நான்கு ஐந்து பேருக்குள் ஒதுங்க இடமில்லை, ஒதுங்க வேண்டிய தேவையும் குறைவு. குழு பெருக்கும்போது தனி ஆளின் முயற்சி குறைகிறது என்பதைப் பிரான்சைச் சேர்ந்த வேளாண் பொறியியலாளர் மக்ஸ் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட ஆய்விலேயே காட்டியிருக்கிறார். எட்டுப் பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தபோது ஒருவருடைய பங்கு, அவர் தனியே இழுத்ததில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. இசைந்து இழுக்க முடியாமையும், பொறுப்பு பலர்மேல் சிதறிப்போவதும் சேர்ந்தே அந்தக் குறைவை உண்டாக்குகின்றன.

நீங்கள் மானிப்பாய் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், உங்கள் ஊரில் மருத்துவம் கற்பித்தபோது ஒவ்வொரு தொகுதியிலும் இருந்தவர்கள் சிலரே. பின்னாளில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியவர் என்றே அவரை நாம் நினைவுகூர்கிறோம். அந்த மாணவர் எண்ணிக்கையையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: அப்படியானால் குழு சிறுக்கச் சிறுக்க நல்லது என்பதுதானே முடிவு? ஒருவருக்கு ஒருவர் கற்பிப்பதே உச்சம் என்று கொள்ளலாமா?
(மருத்துவக் கல்வியில் ஈடுபட்டுள்ளவர், திருநெல்வேலி)

பதில்: கொள்ள முடியாது. எதைக் கற்பிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை பேர் என்பதும் அமைகிறது.

நெஞ்சு அழுத்தம், முகமூடியும் பையும் கொண்டு சுவாசம் கொடுத்தல், மின்னதிர்ச்சிக் கருவியின் ஒட்டிகளை உரிய இடத்தில் ஒட்டுதல் போன்றவை தனி ஆளின் கைத்திறன்கள். இவற்றுக்குப் பொம்மை ஒன்றுக்கு இருவர் அல்லது மூவர் போதும். ஆனால் இங்கே கூட ஒரே ஒருவரை வைத்துப் பழக்குவதில் எனக்கு நாட்டமில்லை. இன்னொருவர் இருந்தால்தான் ஆள் மாறும் கணத்தைப் பழகலாம். 2 நிமிட முடிவில் ஒருவர் கையை எடுப்பதற்கும் மற்றவர் கையை வைப்பதற்கும் இடையே நெஞ்சு சும்மா கிடக்கும் செக்கன்களில்தான் பல இடங்களில் பயன் வீணாகிறது. அழுத்தத்தில் ஏற்படும் எந்த இடைவெளியும் 10 செக்கனுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பழக இரண்டு பேராவது தேவை. மூன்றாமவர் இருந்தால் அவர் எண்ணிக்கையையும் நண்பருடைய முழங்கையையும் கவனிக்கலாம். பிறருடைய பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லத் தெரிந்தவர் தன் பிழையையும் விரைவில் கண்டுகொள்கிறார்.

உயிர்மீட்பு அணியாக இயங்குவதைக் கற்பிக்கும்போது கணக்கே மாறிவிடுகிறது. வைத்தியசாலை விடுதியில் ஒருவருடைய இதயம் நின்றால் ஒருவர் அழுத்த வேண்டும். ஒருவர் சுவாசப் பாதையைப் பார்க்க வேண்டும். ஒருவர் மின்னதிர்ச்சிக் கருவியில் நிற்க வேண்டும். ஒருவர் நாளத்தில் ஊசி ஏற்றி மருந்து கொடுக்க வேண்டும். ஒருவர் நேரத்தையும் மருந்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் நடத்த வேண்டும். தலைவர் பெயர் சொல்லிப் பணிப்பது, பணிக்கப்பட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி ஏற்பது, செய்துமுடித்ததும் அறிவிப்பது என்ற பேச்சு ஒழுங்கு மூன்று பேருக்குள் நாடகம்போலத்தான் அமையும். ஐந்து அல்லது ஆறு பேர் இருந்தால்தான் தலைவருக்கு உண்மையான சுமை ஏறும். எனவே முதல் பகுதிக்கு மூவர், அடுத்த பகுதிக்கு அறுவர் என்று குழுவை இடையில் இணைப்பதையே நான் விரும்புகிறேன். ஒரே பிற்பகலில் இதைச் செய்துவிடலாம்.

அமெரிக்க இருதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்பு வகுப்புகளில் ஆறு பேருக்கு ஒரு பயிற்றுநர், மூவருக்கு ஒரு பொம்மை என்ற விகிதம் பின்பற்றப்படுகிறது. ஒரு பயிற்றுநரின் கண்ணும் காதும் எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்து வகுத்த நடைமுறை அளவு இது. ஏழு பேர் வந்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று எவரும் இதை வாசிக்கக் கூடாது. ஆனால் 12 பேரை வைத்துக்கொண்டு அறுவருக்குரிய பயனை எதிர்பார்க்கவும் கூடாது.

பயிற்சிக்குப் பின்னான கலந்துரையாடலையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. என்ன நடந்தது, ஏன் அந்த முடிவை எடுத்தோம், அடுத்தமுறை எதை மாற்றுவோம் என்று இருந்து பேசும் அந்த 15, 20 நிமிடங்களில்தான் அணித்திறன் மனதில் ஊன்றுகிறது. ஐவர் இருந்தால் ஐவரும் பேசுவர். 12 பேர் இருந்தால் இருவர் பேசுவர், மற்றவர் தலையாட்டுவர். தவிர்க்க முடியாமல் கூடுதலான மாணவர் இருக்கும்போது, பார்வையாளராக நிற்பவர் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்துக் குறிப்பிட்ட ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். அழுத்தம் எத்தனை செக்கன் நின்றது என்பதை ஒருவர் குறிக்கட்டும்; அட்ரினலின் மருந்து 3 முதல் 5 நிமிட இடைவெளிக்குள் கொடுக்கப்பட்டதா என்பதை இன்னொருவர் குறிக்கட்டும்; தலைவரின் கட்டளை யாருக்கென்று தெளிவாக இருந்ததா என்பதை மூன்றாமவர் பார்க்கட்டும். பணியோடு பார்ப்பவர் கற்கிறார். பணியில்லாமல் நிற்பவர் கைத்தொலைபேசியை எடுக்கிறார்.

கேள்வி: எங்களிடம் 30 பேர் வருகிறார்கள். பொம்மைகள் மூன்று. கற்பிப்பவர் நான் ஒருத்தி. ஆறு பேர் என்பது எங்களுக்கு எட்டாக் கனி. நாங்கள் என்ன செய்வது?
(தாதியப் பயிற்றுநர், சாவகச்சேரி)

பதில்: உங்கள் நிலைதான் இத்தீவின் பெரும்பாலான இடங்களின் நிலை, அக்கா. அதனால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில், எதை 30 பேருக்கும் ஒன்றாகச் செய்யலாம், எதைச் செய்யவே முடியாது என்று பிரித்துவிடுங்கள். செய்து காட்டுவதை 30 பேரும் ஒன்றாகப் பார்க்கலாம். அதில் இழப்பு மிகக் குறைவு. பிரித்தானிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ரொட்னி பெய்ற்றன் வகுத்த நான்கு படி முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதற்படியில் பயிற்றுநர் எதுவும் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுகிறார். இரண்டாம் படியில் விளக்கிக்கொண்டே செய்கிறார். மூன்றாம் படியில் மாணவர் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்கிறார். நான்காம் படியில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்கிறார். இது ஒருவருக்கு ஒருவர் கற்பிப்பதற்கென அமைந்த முறை. ஆயினும் முதல் மூன்று படிகளை முழு வகுப்புக்கும் பொதுவாக நடத்திவிட்டு, நான்காம் படியை மட்டும் சிறு குழுவுக்குக் கொண்டுபோகலாம். மூன்றாம் படியில் ஒரே மாணவர் முழுவதையும் சொல்லாமல், நீங்கள் சுட்டும் ஒவ்வொருவரும் அடுத்த படிநிலையைச் சொல்லவேண்டும் என்று வைத்தால் பின்வரிசையும் விழித்திருக்கும்.

நான்காம் படிக்கு உங்களுக்கு உதவிக் கைகள் வேண்டும். அவை உங்கள் மூத்த மாணவரிடம் இருக்கின்றன. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சுகாதாரத்துறை மாணவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருத்துவ ஊழியரும் மறு பிரிவுக்குப் பயிற்சி பெற்ற சக மாணவரும் அடிப்படை உயிர்மீட்பைக் கற்பித்தார்கள். 2002இல் வெளியான அந்த ஒப்பீட்டில் சக மாணவரிடம் கற்றவர்கள் பின்தங்கவில்லை. மூத்த மாணவர் என்றால் யாரையாவது அனுப்பிவிடுவது என்று பொருளல்ல. அவருக்கு முதலில் நீங்கள் கற்பிக்க வேண்டியது உயிர்மீட்பை அல்ல, பார்ப்பதை. எந்தப் பிழைகளைத் தேட வேண்டும், எப்போது குறுக்கிட வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு மாணவர் தாமாகத் திருத்த இடம்விட வேண்டும் என்பவற்றை அவர் பழகியிருக்க வேண்டும். பழக்குவதற்கு ஆகும் நேரம் அடுத்த தொகுதிகளில் உங்களுக்குப் பன்மடங்காகத் திரும்பக் கிடைக்கும்.

மூன்று பொம்மைகளுக்கு மூன்று மூத்த மாணவர் நின்றாலும் ஒரு பொம்மைக்கு 10 பேர் வருகிறார்கள். ஆகவே 30 பேரையும் ஒரே வேளையில் அழைக்காதீர்கள். 15 பேர் காலையில், 15 பேர் பிற்பகலில் என்று பிரித்தால் பொம்மைக்கு ஐவர். அந்த ஐவரில் ஒருவர் அழுத்துவார், ஒருவர் பையைப் பிடிப்பார், ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் கைகளைக் கவனிப்பார், ஒருவர் அடுத்து அழுத்த ஆயத்தமாக முழந்தாளிட்டிருப்பார். 2 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஓரிடம் நகர்வார்கள். 10 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொருவரும் நான்கு முறையாவது முழு 2 நிமிடமும் அழுத்தியிருப்பார்கள். வேகத்துக்குக் கைத்தொலைபேசியில் தாளமானிச் செயலி ஒன்றை நிமிடத்துக்கு 110 என்று வைத்து ஒலிக்க விடுங்கள். உங்கள் தொண்டை மிஞ்சும். நீங்கள் எந்தப் பொம்மையிலும் நிலையாக நிற்காமல் மூன்றுக்கும் இடையே நடந்துகொண்டிருக்க வேண்டும்.

இதனால் உங்கள் வேலைநேரம் கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரே உரையை இருமுறை சொல்ல வேண்டும். மண்டபத்தை இருமுறை ஒதுக்க வேண்டும். இந்தச் செலவை நிர்வாகங்கள் ஏற்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 30 பேருக்கு ஒரு மணித்தியாலத்தில் பயிற்சி முடிந்தது என்று பதிவேட்டில் எழுதுவது எளிது. அந்த 30 பேரில் எத்தனை பேர் 2 நிமிடம் சரியாக அழுத்துவார்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதும் நாள் வந்தால் பிரித்து நடத்துவதற்கு எவரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள்.

முடிந்தால் மருத்துவ மாணவரையும் தாதிய மாணவரையும் ஒரே ஐவர் குழுவில் கலந்துவிடுங்கள். நாளை விடுதியில் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: நாங்கள் நோர்வேயில் வாழும் பழைய மாணவர்கள். ஊரில் மருத்துவம், தாதியம் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சிப் பொம்மை வாங்கிக் கொடுக்க நிதி சேர்த்திருக்கிறோம். கண் சிமிட்டும், மூச்சு விடும், கணினியில் இயங்கும் முழுவுருவப் பொம்மை ஒன்றை வாங்கலாமா?
(பழைய மாணவர் சங்கத்தவர், ஒஸ்லோ)

பதில்: நீங்கள் வாழும் நாடே இந்தப் பொம்மையின் தாயகம். ஸ்ரவங்கர் நகரில் விளையாட்டுப் பொருட்கள் செய்துவந்த ஓஸ்மண்ட் லார்டால், மென்மையான பிளாஸ்ரிக்கில் தமக்கிருந்த தேர்ச்சியைக் கொண்டு 1960இல் முதல் உயிர்மீட்புப் பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார். அதே 1960இல்தான் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கொவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவரும், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி இதயத்தை இயக்க முடியும் என்பதை வெளியிட்டார்கள். முறை தெரிந்த அதே ஆண்டில் பழகுவதற்குப் பொம்மையும் வந்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு என் விடை: வேண்டாம். அந்த நிதியில் இடுப்புக்கு மேற்பட்ட எளிய பொம்மைகள் எத்தனை வாங்க முடியுமோ அத்தனையையும் வாங்குங்கள். விலையுயர்ந்த ஒற்றைப் பொம்மை எங்கு போனாலும் அதைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். அதைத் தொட்டுப் பழுதாக்கிவிடுவோமோ என்ற பயமும் கூடவே நிற்கும். அதற்குக் குளிரூட்டிய அறை வேண்டும், இயக்கத் தெரிந்தவர் வேண்டும், பழுதானால் திருத்துபவர் வேண்டும். அணிப் பயிற்சி நன்கு வேரூன்றிய இடத்தில் அது அரிய கருவிதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு எளிய பொம்மைகள் இருந்தால் 18 மாணவர் மூவர் மூவராக ஒரே வேளையில் பழகலாம். குழுவைச் சிறிதாக்கும் வல்லமை உங்கள் பணத்துக்கு அங்கேதான் இருக்கிறது.

வாங்கும்போது, ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் வசதி உள்ளவையா என்று பாருங்கள். சரியான ஆழம் வந்தால் சத்தமிடும் பொம்மை கூடப் போதும். அந்த வசதி பயிற்றுநரின் இன்னொரு கண்ணாக அமையும். குழந்தைப் பொம்மைகள் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கான சுவாசப் பைகள், முகத்தோல்கள், விற்சுருள்கள் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். நன்கொடையாக வந்த பல கருவிகள் ஒரு சிறு உதிரிப்பாகம் இல்லாமல் அலுமாரியில் உறங்குகின்றன.

கேள்வி: மருத்துவபீடத்தில் படிக்கும் என் மகன், எல்லாவற்றையும் காணொளியில் பார்த்துவிட்டேன், செயன்முறை வகுப்பு பெரிதாகத் தேவையில்லை என்கிறான். சரிதானா, ஐயா?
(தாய், நெல்லியடி)

பதில்: சரியில்லை, அம்மா. காணொளியைப் பார்த்துக்கொண்டே, முன்னால் பொம்மையை வைத்துச் சேர்ந்து செய்து பழகினால் அது நல்ல முறைதான். பயிற்றுநர் வகுப்புக்கு ஏற்ற மாற்றாகவும் அது ஏற்கப்பட்டிருக்கிறது. பொம்மை இல்லாமல் பார்ப்பது மட்டும் போதாது.

கேள்வி: நான் தீவில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வைத்தியசாலையில் இரவில் ஒரு வைத்தியரும் ஓரிரு ஊழியரும்தான் இருப்பார்கள். அறுவர் அணியைப் பற்றி நீங்கள் எழுதுவது எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?
(ஓய்வுபெற்ற சுகாதார ஊழியர், நெடுந்தீவு)

பதில்: மிகவும் தேவையான கேள்வி. பயிற்சிக் குழுவின் அளவு, மாணவர் நாளை நிற்கப்போகும் இடத்தின் அளவையும் பார்த்தே அமைய வேண்டும். பெரிய போதனா வைத்தியசாலையில் மணியடித்தால் ஆட்கள் ஓடிவருவார்கள். நெடுந்தீவில் நோயாளியைக் கடல் கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுவரும்வரை, இருப்பவர்கள் இருவரோ மூவரோதான். மாணவர் எப்போதும் அறுவராகவே பழகியிருந்தால், இருவராக நிற்கும் இரவில் எந்த வேலையை முதலில் விடுவது, எதை விடவே கூடாது என்று அவருக்குத் தெரியாது.

ஆகவே அறுவர் பயிற்சி முடிந்தபின் அதே காட்சியை இருவரோடு மீண்டும் நடத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். இருவர் மட்டும் இருக்கும்போது ஒருவர் அழுத்தத்தை விடாமல் தொடர்வார். மற்றவர் மின்னதிர்ச்சிக் கருவியை முதலில் இணைப்பார், பின்னர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கில் பையால் சுவாசம் கொடுப்பார், இடையில் ஆள் மாறுவார். மருந்து அதற்குப் பிறகுதான். மின்னதிர்ச்சியால் திருத்தக்கூடிய வகை இதய நிறுத்தத்தில், நெஞ்சு அழுத்தமும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது; எனவே ஒழுங்கை மாற்ற இடமில்லை. வாயிலில் நிற்கும் சிற்றூழியரையோ சாரதியையோ அழுத்துவதற்கு அழைத்து, இரண்டு வசனத்தில் வழிகாட்டும் திறனும் இந்தப் பயிற்சியில் அடங்க வேண்டும். தீவுப் பகுதியின் ஊழியர் எல்லோருக்கும், பதவி எதுவாயினும், அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே மூவர் பழகினால் அது சிறு குழு அல்ல, முழு வைத்தியசாலை.

கேள்வி: எங்கள் பாடசாலை மண்டபத்தில் 200 மாணவருக்கு ஒரே நாளில் உயிர்மீட்புச் செயல்விளக்கம் நடத்த விரும்புகிறோம். மருத்துவ மாணவர் சிலர் வந்து செய்து காட்டச் சம்மதித்திருக்கிறார்கள். உங்கள் ஆலோசனை என்ன?
(ஆசிரியர், பருத்தித்துறை)

பதில்: செயல்விளக்கமாக மட்டும் முடிந்தால் கைதட்டல் கிடைக்கும், கைத்திறன் கிடைக்காது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 12 வயது முதல் ஆண்டுக்கு 2 மணித்தியாலம் உயிர்மீட்புக் கற்பிக்க வேண்டும் என்ற முன்மொழிவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஆதரவளித்தது. எனவே ஒரு நாளில் 200 பேரை முடிப்பதைவிட, ஒரு வகுப்பை ஒரு நாளில் எடுப்பது நல்லது. ஒரு வகுப்பின் 40 பேரையும் ஐவர் ஐவராக எட்டுக் குழுவாக்கி, குழுவுக்கு ஒரு மருத்துவ மாணவரை நிறுத்துங்கள். கற்பிக்க வரும் மருத்துவ மாணவருக்கும் இதில் பெரும் பயன் உண்டு.

எட்டுப் பொம்மைகள் கிடைக்காவிட்டால் இறுக்கமாக அடைத்த தலையணையோ பழைய ரயரோ போதும். ஆழத்தை அது சரியாகக் காட்டாது. ஆனால் கைகளை வைக்கும் முறையையும், நிமிர்ந்த முழங்கையையும், வேகத்தையும் பழக்கும். பின்பு உண்மையான பொம்மையில் எல்லோரும் ஒரு முறையாவது அழுத்தட்டும். அழுத்தத் தொடங்குமுன் ஒருவரைப் பெயர் சொல்லி 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கச் சொல்வதையும் பயிற்சியின் பகுதியாக்குங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபின்னும், பதற்றத்தில் இலக்கம் மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுடையது கடற்கரை ஊர் என்பதால், நீரில் மூழ்கியவருக்கு மூச்சுக் கொடுப்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதையும் தனியே சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: இறுதிப் பரீட்சை முடிந்து உள்ளகப் பயிற்சிக்கான நியமனத்தை எதிர்பார்த்திருக்கிறேன். சிறு குழுவில் நன்றாகத்தான் பழகினேன். ஆனால் அது நடந்து மாதங்கள் பல கடந்துவிட்டன. பழகியது நிலைத்திருக்குமா?
(புதிய மருத்துவர், உரும்பிராய்)

பதில்: முழுவதும் நிலைத்திருக்காது, தம்பி. உயிர்மீட்புத் திறன் பயிற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே தேயத் தொடங்குகிறது என்பது பல ஆய்வுகள் ஒத்துச்சொல்லும் விடயம். சிறு குழுவில் கற்றவருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. அறிவு அவ்வளவு விரைவாகப் போவதில்லை. கைதான் முதலில் மறக்கிறது. பரீட்சைக்கும் நியமனத்துக்கும் இடையே நம் நாட்டில் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதால், முதல் நாள் விடுதிக்குள் நுழையும்போது நீங்கள் உங்கள் திறனின் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கக்கூடும். இதற்கு நீண்ட மறுபயிற்சி தேவையில்லை. சிறு சிறு அளவில் அடிக்கடி பழகுவதே பயன் தரும் என்பதை இப்போது சர்வதேச வழிகாட்டிகளும் ஏற்கின்றன.

உங்களோடு காத்திருக்கும் நண்பர் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொம்மை வைத்திருக்கும் திறன் ஆய்வுகூடத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, மாதத்தில் ஒருநாள் அரை மணித்தியாலம் மூவரும் போய் வாருங்கள். ஒவ்வொருவரும் இரண்டு முறை முழு 2 நிமிடம் அழுத்துங்கள்; ஒருவர் அழுத்தும்போது மற்றவர் ஆழத்தையும், மூன்றாமவர் நெஞ்சு முழுதும் மேலெழுகிறதா என்பதையும் மட்டும் பார்க்கட்டும். பையும் முகமூடியும் பிடிப்பதை இருவர் முறையில் பழகுங்கள்: ஒருவர் இரு கைகளாலும் முகமூடியை இறுக்கிப் பிடிக்க, மற்றவர் பையை அமுக்க வேண்டும். நியமனம் கிடைத்து விடுதிக்குப் போனதும், உயிர்மீட்புத் தள்ளுவண்டி எங்கே நிற்கிறது, அதன் மேல்தட்டில் என்ன இருக்கிறது, மின்னதிர்ச்சிக் கருவியின் மின்கலம் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பவற்றை அங்குள்ள தாதிய உத்தியோகத்தரோடு சேர்ந்து முதல் நாளிலேயே பார்த்துவிடுங்கள்.